வாசிப்பு சூப்பர், பாட்டு சுமார்: லெட் செப்பலினோட 'பிரெசன்ஸ்' ஆல்பத்தை கேக்கறது எப்படி

லெட் செப்பலின்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட நாலாவது ஆல்பம் கேட்டு பைத்தியமாகி, 'பிசிக்கல் கிராஃபிட்டி' கேட்டு இன்னும் கொஞ்சம் பைத்தியமாகி, சரி அடுத்தது என்னன்னு 1976ல வந்த 'பிரெசன்ஸ்' போட்டு பாத்தீங்கன்னா பெரும்பாலும் இதுதான் நடக்கும்: முதல் பாட்டு பத்து நிமிஷம் வாயை பொளந்துட்டு கேப்பீங்க, ரெண்டாவது பாட்டுல தலை ஆடும், மூணாவதுல போனை எடுப்பீங்க, அஞ்சாவது பாட்டு ஓடும்போது என்ன ஓடுதுன்னே தெரியாது. எனக்கும் அதேதான். முதல் தடவை கேட்டப்போ "இவ்ளோ நல்லா வாசிக்கறவனுங்க ஏன் இப்படி ஒரு பாட்டை போட்டானுங்க"ன்னு கடுப்பாகி ரெண்டு வருஷம் அந்த பக்கமே போகல.

அப்பறம் திரும்ப போனேன், வேற மாதிரி கேட்டேன், இப்போ வருஷத்துக்கு நாலஞ்சு தடவையாச்சும் முழுசா ஓடுது. ஆனா அது அவங்களோட பெஸ்ட்னு சொல்ல மாட்டேன், ஏழு பாட்டுல மூணு பாட்டு தேறும், ஒண்ணு அரைகுறையா தேறும், மிச்சம் பாட்டாவே நிக்கல. ஆனா வாசிப்புன்னு எடுத்தா ஏழுமே கேக்கணும். இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காம கேக்கறது எப்படின்னுதான் இந்த கைடு.

மொதல்ல கேக்கற செட்டப். போன் ஸ்பீக்கர்ல இதை கேக்கவே கேக்காதீங்க ப்ளீஸ். இந்த ஆல்பத்துல பாதி விஷயம் பேஸ்லயும் கிக் டிரம்லயும்தான் இருக்கு, போன் ஸ்பீக்கர்ல அது ரெண்டும் காணாம போயிடும், மிஞ்சறது கித்தாரோட கிர்ர்ரும் பாடகர் ராபர்ட் பிளான்ட் கத்தறதும்தான். காதை மூடற மாதிரி ஹெட்போன் இருந்தா போதும், காஸ்ட்லியா எல்லாம் வேணாம். ஆப்ல பேஸ் பூஸ்ட் மாதிரி ஈக்யூ ஏதாவது போட்டு வெச்சிருந்தா ஆஃப் பண்ணிடுங்க. எல்லா பாட்டையும் ஒரே வால்யூமுக்கு கொண்டு வர ஒரு செட்டிங் இருக்கும், அதையும் ஆஃப் பண்ணுங்க. ஷஃபிள் கூடவே கூடாது. எந்த வெர்ஷன்னு கேட்டா 2015ல பேண்டோட கித்தாரிஸ்ட் ஜிம்மி பேஜே உக்காந்து ரீமாஸ்டர் பண்ணது ஸ்ட்ரீமிங்ல இருக்கு, அது போதும். அதுலயே கூடுதலா ஒரு டிஸ்க் இருக்கும், அதை இப்போ தொடாதீங்க, கடைசில வரேன்.

அடுத்தது இந்த ஆல்பம் எந்த நிலைமைல பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு உக்காருங்க. வழக்கமா நான் "கதையெல்லாம் எதுக்கு, பாட்டு பேசட்டும்"னு சொல்ற ஆளு, ஆனா இங்க கதை தெரியாம கேட்டா பாட்டு ஏன் இப்படி இருக்குன்னே பிடிபடாது.

1975 ஆகஸ்ட் 4ம் தேதி கிரீஸ்ல ரோட்ஸ் தீவுல பிளான்ட் குடும்பத்தோட போன கார் மோதிடுச்சு, அவருக்கு கணுக்கால்லயும் முழங்கைலயும் பலமான அடி, அமெரிக்கா டூர் கேன்சல். இதுல இன்னொரு கொடுமை, அப்போ இங்கிலாந்துல வருமான வரி பயங்கரம்ங்கறதால பேண்டே நாட்டை விட்டு வெளிய இருந்துச்சு, அதனால அடிபட்ட மனுஷன் வீட்லகூட படுத்து ரெஸ்ட் எடுக்க முடியாம கலிஃபோர்னியால மாலிபு பக்கம் போய் உக்காந்தாரு. பேஜ் அங்க போனாரு, ரெண்டு பேரும் சேர்ந்து பாட்டு எழுதினாங்க. நவம்பர்ல ஜெர்மனி மியூனிக்ல மியூசிக்லேண்ட்னு ஒரு ஸ்டூடியோ, ஒரு ஹோட்டலோட பேஸ்மென்ட்ல இருந்தது, அங்க போய் வெறும் 18 நாள்ல மொத்த ஆல்பத்தையும் முடிச்சுட்டாங்க. மிக்ஸிங் உட்பட 18 நாள்! பிளான்ட் வீல்சேர்ல. அடுத்து அதே ஸ்டூடியோவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் புக் பண்ணி வெச்சிருந்தாங்க, அதனால பேஜ் அவங்ககிட்ட கெஞ்சி கூத்தாடி கூட ரெண்டு மூணு நாள் வாங்கினாரு. கடைசில பேஜும் இன்ஜினியர் கீத் ஹார்வுடும் மிக்ஸிங் டெஸ்க் மேலயே மாத்தி மாத்தி தூங்கிட்டு, யாரு முதல்ல முழிக்கறாங்களோ அவங்க வேலைய தொடர்ந்தாங்களாம்.

இதுல எனக்கு முக்கியமா படறது அவசரம் மட்டும் இல்ல. முந்தின ஆல்பம் 'பிசிக்கல் கிராஃபிட்டி' டபுள் ஆல்பம், 15 பாட்டு, அதுல பாதிக்கு பக்கம் முந்தின வருஷங்கள்ல ரெக்கார்ட் பண்ணி மிச்சம் வெச்சிருந்த சரக்கு. அதாவது பரண்ல இருந்த எல்லாத்தையும் அதுலயே எடுத்து போட்டு காலி பண்ணிட்டாங்க. அடுத்த ஆல்பத்துக்கு பரண் காலி, டைம் இல்ல, பாடறவர் வீல்சேர்ல. இன்னொண்ணு, பாட்டு எழுதினது யாருன்னு போட்ட கிரெடிட் பாருங்க: ஏழு பாட்டுல ஆறு பேஜ்-பிளான்ட் மட்டும். பேஸும் கீபோர்டும் வாசிக்கற ஜான் பால் ஜோன்ஸும் டிரம்மர் ஜான் பானமும் சேர்ந்து நாலு பேர் பேர் வந்தது ஒரே ஒரு பாட்டுல, 'ராயல் ஆர்லியன்ஸ்'. ஜோன்ஸோட கீபோர்டு இந்த ஆல்பத்துல எங்கயும் இல்ல. அவர் கீபோர்டு மேலயே நிக்கற பழைய பாட்டு 'நோ குவார்ட்டர்' கேட்டவங்களுக்கு அது இல்லாதது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு புரியும். அக்கூஸ்டிக் கித்தாரும் கிட்டத்தட்ட கிடையாது. கித்தார், பேஸ், டிரம்ஸ், குரல், அவ்ளோதான் சாப்பாடு.

இப்போ கேக்க ஆரம்பிங்க. முதல் ரவுண்டு சும்மா 44 நிமிஷம் ஓட விடுங்க, எதையும் யோசிக்காம. போர் அடிச்சா அடிக்கட்டும், ஸ்கிப் மட்டும் பண்ணாதீங்க. முடிஞ்சதும் ஒரு பேப்பர் எடுத்து நடுவுல கோடு போடுங்க, இந்த பக்கம் "வாசிப்பு", அந்த பக்கம் "பாட்டு". ஒவ்வொரு பாட்டுக்கும் ரெண்டு தனி மார்க். சின்னப்புள்ளத்தனமா தெரியும், ஆனா இது இல்லாம ரெண்டையும் பிரிக்கவே முடியாது, ஏன்னா ஒரு நல்ல டிரம் ஃபில் வந்தா நம்ம மண்டை தானா பாட்டுக்கும் சேர்த்து மார்க் போட்டுடும்.

"பாட்டு"க்கு எப்படி மார்க் போடறது? என்கிட்ட ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஒண்ணு முணுமுணுப்பு டெஸ்ட்: கேட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, குளிக்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ, குரல் பாடின மெட்டு ஏதாவது வாய்ல வருதா? ரிஃப் (கித்தார்ல திரும்ப திரும்ப வர்ற சின்ன துண்டு) வந்தா கணக்கு இல்ல, அது வாசிப்பு பக்கம். இன்னொண்ணு, பாட்டு எங்கயாவது போய் சேருதா? நம்ம பாஷைல சொன்னா பல்லவிக்கு திரும்ப வரும்போது ஒரு "ஆஹா வந்துட்டோம்"ங்கற ஃபீல் இருக்கா, இல்ல நல்லா இருந்த ஒரு ரிஃபையே ஆறு நிமிஷம் அரைச்சுட்டு ஃபேட் அவுட்டா? இந்த ஆல்பத்துல ரெண்டாவது வகை ஜாஸ்தி.

அடுத்த ரவுண்டுலதான் விஷயமே இருக்கு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆளை மட்டும் பிடிச்சுக்கோங்க.

முதல்ல பானம். இந்த ஆல்பத்தோட ஹீரோ பேஜ்னு எல்லாரும் சொல்வாங்க, பேஜே அப்படிதான் நெனச்சிருப்பாரு, எனக்கு பானம்தான். நாலாவது ஆல்பத்துல 'வென் தி லெவீ பிரேக்ஸ்' டிரம்ஸ் ஹெட்லி கிரேஞ்ச்ங்கற பழைய பங்களாவோட மாடிப்படி ஹால்ல எடுத்தது, அதான் அந்த கோவில் மண்டபம் மாதிரி முழக்கம். இங்க அது கிடையாது, பேஸ்மென்ட் ஸ்டூடியோ, சத்தம் காஞ்சு போய் கிட்டக்க இருக்கும், மூஞ்சிக்கு நேரா அடிக்கற மாதிரி. முதல்ல பிடிக்கல, அப்பறம்தான் புரிஞ்சது, எக்கோ இல்லாததால அந்தாளு பண்ற ஒவ்வொரு சின்ன விஷயமும் கேக்குது. முதல் பாட்டு 'அகிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்'ல பத்து நிமிஷத்துக்கு மேல குதிரை ஓட்டற மாதிரி ஒரு தாளம், அதுக்கு நடுவுல பேண்டே மொத்தமா நின்னு நின்னு ஒண்ணா அடிக்கற இடங்கள் வரும், அங்க கித்தாரை மறந்துட்டு ஸ்னேர் டிரம்மை மட்டும் கேளுங்க. தனி ஆவர்த்தனம்னு ஒண்ணு தனியா வைக்கவே வேணாம், பாட்டுக்குள்ளயே வாசிச்சு முடிச்சுட்டாரு. 'ஃபார் யுவர் லைஃப்'ல அப்படியே எதிர்மாறா, அவசரமே படாம, தாளத்துக்கு ஒரு நூல் பின்னாடியே சாஞ்சு உக்காந்து அடிப்பாரு, அந்த ஒரு நூல்லதான் அந்த பாட்டோட கனம் இருக்கு.

அப்பறம் ஜோன்ஸ். ஹெட்போன் போட சொன்னது இவருக்காகதான். 'அகிலீஸ்'ல இவர் வாசிக்கறது அலெம்பிக் கம்பெனியோட எட்டு கம்பி பேஸ், ஒவ்வொரு பேஸ் கம்பிக்கும் பக்கத்துல இன்னொரு கம்பி இருக்கும், அதனால பேஸும் இல்லாம கித்தாரும் இல்லாம ஒரு கரகரன்னு நாதம். அதை ஒரு தடவை பிடிச்சுட்டீங்கன்னா அதுக்கப்பறம் அதை மட்டும்தான் கேப்பீங்க. இவ்ளோ பண்ணவர்கிட்ட பாட்டு எழுத சொல்லி கேக்காம விட்டாங்களேன்னு வயிறு எரியும்.

பேஜ் மூணாவதா. 'அகிலீஸ்'ல கித்தார் மேல கித்தார் அடுக்கினது எல்லாம் ஒரே ராத்திரில பண்ணதா அவரே சொல்லியிருக்காரு. முதல்ல இடது காதுல என்ன, வலது காதுல என்னன்னு பிரிச்சு கேளுங்க, ஹெட்போன்ல ஒரு பக்கத்தை கழட்டி வெச்சுட்டுகூட கேக்கலாம், ஒவ்வொரு பக்கமும் தனி பாட்டு மாதிரி இருக்கும். மூணரை நிமிஷத்துக்கு மேல வர்ற சோலோ அவசரமே இல்லாம நீள நீளமா இழுக்கும், கீழ அவ்ளோ வேகமா தாளம் ஓடுது, மேல இவர் நிதானமா நடக்கறாரு. என்னை கேட்டா நாலாவது ஆல்பத்து 'ஸ்டேர்வே டு ஹெவன்' சோலோவைவிட இது மேல, சண்டைக்கு வரவங்க வரலாம்.

பிளான்ட்டை கடைசில பிடிங்க. பாவம்யா மனுஷன், சேர்ல உக்காந்து பாடறார், மூச்சு பழைய மாதிரி வரல, மேல் ஸ்தாயில குரல் மெலிஞ்சு கிழியும். மிக்ஸ்லயும் குரல் கொஞ்சம் உள்ள அமுங்கிதான் இருக்கும். வரிகள் நல்லா இருக்கற இடத்துல இது பலமாயிடுது, 'ஃபார் யுவர் லைஃப்' லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கோக்கைன்ல அழியற கூட்டத்தை திட்டற பாட்டு, அங்க அந்த கிழிஞ்ச குரல் பொருந்துது. மெட்டே இல்லாத இடத்துல அதே குரல் தனியா மாட்டிக்குது.

இந்த நாலு ரவுண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, காது செத்துடும். ஒரு வாரத்துக்கு பரப்பி வெச்சுக்கோங்க.

இப்போ மார்க் ஷீட்டுக்கு வருவோம், என்னோடது சொல்றேன், உங்களோடது வேறயா இருந்தா சந்தோஷம். 'அகிலீஸ்' ரெண்டு பக்கமும் ஃபுல் மார்க், மெட்டும் இருக்கு, போய் சேரவும் செய்யுது, மொராக்கோ பக்கம் ஊர் சுத்தினது, அட்லஸ் மலைன்னு வரிகள்லயும் விஷயம் இருக்கு. 'ஃபார் யுவர் லைஃப்' வாசிப்பு ஃபுல், பாட்டு முக்கால். 'ராயல் ஆர்லியன்ஸ்' மூணு நிமிஷம்கூட இல்ல, ஃபங்க் மாதிரி ஒரு குத்தல், நாலு பேரும் சேர்ந்து எழுதினதுன்னு பேரு, கேட்டா ரிஹர்சல்ல ஜாலியா வாசிச்சதை அப்படியே விட்ட மாதிரி இருக்கு. பத்துக்கு போட்டா வாசிப்புக்கு ஏழு, பாட்டுக்கு மூணு.

'நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்' பத்தி கொஞ்சம் நிக்கணும். இது பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927லயே ரெக்கார்ட் பண்ண பாட்டு, கண் தெரியாத மனுஷன், ஒத்தை கித்தார்ல ஸ்லைடு வெச்சு, தொண்டைல கரகரன்னு பாடின பக்தி பாட்டு. கிரெடிட்ல பேஜ்-பிளான்ட்னு மட்டும் போட்டாங்க, அது தப்பு, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா இதுலதான் ஒரு பாடம் ஒளிஞ்சிருக்கு: ஜான்சனோட பாட்டை தேடி முதல்ல அதை மூணு தடவை கேளுங்க, அப்பறம் இவங்களோடதை போடுங்க. இசைய முழுசா மாத்திட்டாங்க, ஆனா "தப்பு என்னோடதுதான்"ங்கற அந்த ஒரு வரி, அதோட எலும்பு அப்படியே இருக்கு, அதனாலதான் இந்த பாட்டு நிக்குது. அதாவது எழுத்து பலவீனமா இருந்த சமயத்துல அம்பது வருஷத்துக்கு முந்தின எழுத்து வந்து தாங்கி பிடிச்சிருக்கு. வாசிப்புல கவனிக்க வேண்டியது சத்தம் இல்ல, நடுவுல வர்ற மௌனம், நாலு பேரும் டக்குன்னு நின்னு ஒண்ணா திரும்ப விழற இடங்கள். பிளான்ட்டோட ஹார்மோனிகா சோலோவும் இதுலதான்.

'கேண்டி ஸ்டோர் ராக்' 50கள் ராக் அண்ட் ரோல் காமெடி. அமெரிக்கால சிங்கிளா வேற விட்டு பாத்தாங்க, போணி ஆகல. 'ஹாட்ஸ் ஆன் ஃபார் நோவேர்' தான் அந்த அரைகுறையா தேறுற கேஸ், தாளக்கட்டு செம விளையாட்டா நின்னு நின்னு ஓடும், பானமும் பேஜும் கண்ணாமூச்சி ஆடுவாங்க, மெட்டுக்கு பதிலா பிளான்ட் லா லா லான்னு சமாளிச்சுடுவாரு.

கடைசி பாட்டு 'டீ ஃபார் ஒன்', இதுக்கு ஒரு ஸ்பெஷல் வேலை. முதல் இருபது செகண்டு ஒரு வேகமான ரிஃப் வரும், அட்டகாசமா இருக்கும், அப்பறம் அதை அப்படியே அம்போன்னு விட்டுட்டு ஒன்பது நிமிஷத்துக்கு ஸ்லோ ப்ளூஸ். இதை கேட்ட கையோட மூணாவது ஆல்பத்துல இருக்கற 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' போடுங்க. அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், ஆனா அக்காகிட்ட ஜோன்ஸோட ஹேமண்ட் ஆர்கன் இருக்கு, பாட்டு ஏறி ஏறி போய் ஒரு இடத்துல உடையும். தங்கச்சி தனியா உக்காந்து அழுதுட்டே இருக்கும். வெளியூர் ஹோட்டல் ரூம்ல தனியா மாட்டிக்கிட்ட ஆளோட பாட்டுங்கறதால ராத்திரி 2 மணிக்கு கேட்டா அதுவும் ஒரு மாதிரி வேலை செய்யுது, ஆனா மார்க் மார்க்தான்.

உங்க மார்க் சரியான்னு பாக்க ஒரு குறுக்கு வழி இருக்கு, பேண்டே போட்ட மார்க்கை பாருங்க. இந்த ஆல்பத்துலேர்ந்து அவங்க 1977 டூர்லயும் அதுக்கப்பறமும் மேடைல தொடர்ந்து வாசிச்சது 'அகிலீஸ்' அப்பறம் 'நோபடிஸ் ஃபால்ட்', ரெண்டே ரெண்டு. 1979 நெப்வொர்த் கச்சேரில வாசிச்சது 2003ல வந்த டிவிடில இருக்கு, கண்டிப்பா பாருங்க, ஸ்டூடியோல அவ்ளோ கித்தார் அடுக்கினதை ஒத்தை கித்தாரை வெச்சு பேஜ் எப்படி சமாளிக்கறார்னு பாக்கவே பாக்கலாம். 'ஃபார் யுவர் லைஃப்' மேடை ஏறினது 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2ல, பானம் பையன் ஜேசன் டிரம்ஸ்ல. அதுதான் முதல் தடவை. 31 வருஷம் கழிச்சு! மிச்சத்தை அவங்களே மறந்துட்டாங்க, நாம ஏன் தலைல தூக்கி வெச்சுக்கணும்.

இந்த முறை வேற ஆல்பத்துக்கும் செல்லும். டீப் பர்பிள்ங்கற இன்னொரு ராக் பேண்டோட 1973 'ஹூ டூ வி திங்க் வி ஆர்' எடுத்துக்கோங்க, 'வுமன் ஃப்ரம் டோக்கியோ' தவிர மத்த பாட்டு பேர் சொல்ல சொன்னா பல ரசிகர்களே முழிப்பாங்க, ஆனா 'ராட் பாட் ப்ளூ'ல ஜான் லார்டோட கீபோர்டு சோலோ ஒண்ணு போதும் அந்த ஆல்பத்தை திறக்க. அதுக்கும் பேப்பர்ல கோடு போட்டு ஆரம்பிங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, நல்ல மூணு பாட்டை மட்டும் பிளேலிஸ்ட்ல தூக்கி போட்டுட்டு மிச்சத்தை டெலீட் பண்ற வேலை. நான் பண்ணி பாத்தேன், ஏதோ ருசி போயிடுச்சு. 'ராயல் ஆர்லியன்ஸ்' மாதிரி ஒண்ணும் இல்லாத பாட்டு நடுவுல வந்து போனாதான் 'நோபடிஸ் ஃபால்ட்' ஆரம்பத்துல அந்த கித்தாரும் குரலும் சேர்ந்து ஊளையிடறது புல்லரிக்குது.

சரி, அந்த கூடுதல் டிஸ்க். எல்லா ரவுண்டும் முடிச்சு, மார்க் எல்லாம் போட்டு, பேப்பரை மடிச்சு வெச்ச அப்பறம் அதை திறங்க. பாதி சமைச்ச மிக்ஸ்கள்தான், அதுக்கு நடுவுல "10 ரிப்ஸ் அண்ட் ஆல்"னு ஆரம்பிக்கற ஒரு விசித்திரமான பேர்ல வெளியவே வராம கிடந்த ஒரு டியூன் இருக்கு, பாட்டு வரி கிடையாது. அதுல பியானோ. 44 நிமிஷம் ஒரு கீபோர்டு சத்தம்கூட இல்லாம காஞ்சு கிடந்த காதுல அந்த பியானோ மெதுவா ஆரம்பிக்கும்போது நான் ஹெட்போனை கழட்டி வெச்சுட்டு "யோவ் பேஜு, இதையா உள்ள வெச்சுட்டு 'கேண்டி ஸ்டோர்'ஐ வெளிய விட்ட"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன்.